பொங்கலுக்கு வந்தால் கூரையைப் பாருங்கள்

கொழும்பிலும் வெளியூர்களிலும் வேலை செய்யும் பதுளை மாவட்டத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



போன மார்கழியில் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபது வயது இருக்கும். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. இராத்திரி ரயிலில் வந்து இறங்கியவன்; கண் இரண்டும் சிவந்திருந்தன. மடியில் ஒரு பெட்டி. வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டான். என்ன தம்பி அது என்று கேட்டேன்.

"தண்ணி சுட வைக்கிற கேத்தல் சேர். அம்மா விடியக்காலம் நாலரைக்கே எழும்பி அடுப்பு மூட்டுறாங்க. இந்த மழையில விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதி இருமல் வந்துருச்சு. இனி சுவிட்சத் தட்டினாப் போதும்."

அம்மாவின் இருமலைக் கொழும்பில் இருந்தே நினைத்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி வந்திருக்கிறான். அந்த மனசை நான் கும்பிடுகிறேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வீட்டில் ப்ளக் எங்கே தம்பி இருக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "எங்க காம்பராவுக்கு மீட்டர் இல்ல சேர். பெரியப்பா காம்பராவுல இருந்து கூரைக்கு உள்ளால வயர் இழுத்திருக்கோம்" என்றான். அதற்குள் அவன் இறங்கும் இடம் வந்துவிட்டது. பெட்டியைச் சாரத்தால் மூடி அணைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். அன்று அவனிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் லயத்தில் பிறந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன். உங்களில் சிலருக்கு நானே அகரம் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

ஊவாவில் நெருப்பு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கச்சான் காலம். அந்தக் காய்ந்த காற்று அடிக்கிற மாதங்களில் மானாப்புல் மலைகள் பற்றி எரிவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். ஐப்பசியில் மழை இறங்கியதும் அந்தப் பயம் விட்டுப்போகிறது. தை வரைக்கும் மழையும் மூட்டமும் குளிருமாக இருக்கும் நாட்களில் எது எரியப் போகிறது என்று நினைக்கிறோம்.

லயம் எரிய வெளியே வெயில் அடிக்க வேண்டியதில்லை. மழை நாட்களில்தான் அடுப்பு பொழுது முழுக்க எரிகிறது. ஈர விறகு அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கப்படுகிறது. காயாத துணி அடுப்படிக் கொடியில் தொங்குகிறது. குளிருக்குக் கதவும் சன்னலும் அடைத்துக் கிடக்கின்றன. ஓட்டைத் தகரத்தின் வழியே தண்ணீர் பழைய வயரில் சொட்டுகிறது. கூரையில் இருக்கும் சட்டமும் கைமரமும் மூன்று நான்கு தலைமுறையாக உள்ளே இருந்து புகை குடித்துக் காய்ந்தவை. கரி, தார் போலப் படிந்தவை. தகரத்துக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே தகரத்துக்குக் கீழே நெருப்பு ஓடும். நான் அதைக் கண்ணால் கண்டவன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்களுடையது பன்னிரண்டு காம்பரா லயம். நாங்கள் இருந்தது ஒன்பதாவது காம்பரா. நெருப்பு பிடித்தது இரண்டாவது காம்பராவில். அங்கே தனியாக இருந்த ஆச்சி, கவ்வாத்து மலையில் பொறுக்கி வந்த மிலாற்றை அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்தார். இரவு அடுப்பை அணைக்காமல் சாம்பலால் மூடிவிட்டுப் படுத்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள், காலையில் தீப்பெட்டி மிச்சம். மேலே கட்டியிருந்த கயிறு எப்போது அறுந்ததோ, காய்ந்த மிலாறு கட்டோடு தணலில் விழுந்திருக்கிறது.

எங்களை எழுப்பியது தகரத்தின் சத்தம். சூட்டில் ஆணி பிடுங்கித் தகரம் டப் டப் என்று எழும்பும் சத்தம் அது. இன்றைக்கும் எங்காவது தகரம் காற்றில் அடித்தால் எனக்கு வயிறு கலங்கும். அப்பா வெளியே ஓடினார். ஏழு காம்பரா தள்ளித்தானே எரிகிறது, நேரம் இருக்கிறது என்று அம்மா நிதானமாகப் பாயைச் சுருட்டினார். நெருப்புக்கு முன்னால் புகை வந்தது. எங்கள் பக்கச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியால் கறுப்பாக, கம்பளியை உதறி விரிப்பது போல, மேலே இருந்து கீழே இறங்கியது. விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, தெரியாமலே போனது. அம்மா பாயைப் போட்டுவிட்டு என்னையும் தங்கையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பீலி பள்ளத்தில். கைக்கு அகப்பட்ட வாளி நான்கோ ஐந்தோ. தண்ணீரால் ஒன்றும் ஆகவில்லை. மேல் லயத்து ஆட்கள் நாலு பேர் அலவாங்கும் கோடரியுமாக ஏறி, ஆறாவது காம்பராவுக்கும் ஏழாவது காம்பராவுக்கும் மேலே இருந்த தகரத்தைப் பிடுங்கி எறிந்து, கைமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நெருப்பு அந்த வெட்டு வரைக்கும் வந்து நின்றது. ஆறு காம்பரா சாம்பல். ஆறு மிச்சம். உயிர் ஒன்றும் போகவில்லை.

அந்த நாலு பேரும் படித்தவர்கள் இல்லை. ஆனால் லயம் எப்படி எரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு கதவு இருந்தாலும் கூரை ஒன்றுதான். காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கிறது. பல லயங்களில் அந்தச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் ஒரே வெளி. மழைக்கும் குளிருக்கும் தடுப்பாக அங்கே நாம் உரப்பையும் சாக்கும் பொலித்தீனும் காட்போட்டும் அடித்து வைத்திருக்கிறோம். புகைபோக்கிக்குள் வைக்கோல் திணித்து வைத்த மாதிரி.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. 1666ல் லண்டன் நகரம் எரிந்தது. அதிலிருந்து பாடம் படித்து, 1707ல் அங்கே ஒரு சட்டம் வந்தது: ஒட்டிக் கட்டும் வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தாண்டி மேலே பதினெட்டு அங்குலம் எழும்ப வேண்டும். ஒரு வீட்டு நெருப்பு அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவக்கூடாது என்பதற்காக. அந்தச் சட்டம் வந்து நூறு வருஷத்துக்கும் மேலே போன பிறகுதான் அதே நாட்டுத் துரைமார் இந்த மலைகளில் நம் பாட்டன் பூட்டனுக்கு லயம் கட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. சுவரைக் கூரைவரைக்கும் எழுப்பியிருந்தால் காம்பராவுக்குச் சில நூறு செங்கல் கூடப் போயிருக்கும். அந்தச் செங்கலைத்தான் மிச்சம் பிடித்தார்கள். பிறகு எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தன, தொண்ணூறுகளில் கம்பனிகளிடம் போயின. சுவர் அதே உயரத்தில் நிற்கிறது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போயிருக்கிறீர்களா? நான் போய்ப் பார்த்தவற்றில் எல்லாம் வாசலிலேயே சிவப்புப் பூசிய வாளிகள் வரிசையாகத் தொங்கும். மணல் நிரம்பியிருக்கும். தேயிலைத் தூசியும் உலர்த்தும் சூளையும் ஒரே கட்டடத்துக்குள் இருப்பதால் நெருப்புக்கு அங்கே எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர்களின் இஸ்தோப்பில் ஒரு மணல் வாளியையும் நான் கண்டதில்லை.

இப்போது அந்தக் கேத்தலுக்கு வருகிறேன். நீங்கள் கொழும்பில் இருந்து கொண்டுவரும் சாமான்களை நான் குறை சொல்லவில்லை. அம்மாமார் புகையில் இருந்து தப்ப வேண்டும். கணக்கை மட்டும் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சதுரக் கால் ப்ளக் தாங்குவது 13 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 3,000 வோட்ஸ் அளவு. கேத்தல் ஒன்று 1,500 முதல் 2,000 வரை இழுக்கும். ரைஸ் குக்கர் 500, 700. ஸ்திரிக்கைப்பெட்டி 1,000. விடியக்காலம் ஐந்து மணிக்கு, பெரட்டுக்குப் போக முன்னால், பிள்ளையின் சீருடையை ஸ்திரி போட்டுக்கொண்டே சோறும் தேத்தண்ணியும் வைத்தால் ஒரே மல்டி ப்ளக்கில் அந்த எல்லை தாண்டிவிடும். அந்த மல்டி ப்ளக்குக்கு மின்சாரம் வருவது எதன் வழியாக? ஒரு காலத்தில் இரண்டு பல்பு எரிப்பதற்காகக் கூரைக்குள்ளால் இழுத்த மெல்லிய வயர் வழியாக. வயர் சுடும். உறை இளகும். அது படுத்திருப்பது கரி பிடித்த கைமரத்தின் மேல், உரப்பைக்குப் பக்கத்தில். மறுநாள் பத்திரிகையில் 'மின்னொழுக்குக் காரணமாக' என்று ஒரு வரி வரும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். நல்ல கேள்வி. அது மின்சாரம் மண்ணுக்கோ மனிதன் உடம்புக்கோ கசியும்போது விழும், ஆளைக் காப்பாற்றும். வயர் தாங்க முடியாத பாரம் ஏறினால் அது விழாது. அதற்குத் தனியே பிரேக்கரோ பியூஸோ வேண்டும், அதுவும் வயரின் தடிப்புக்கு ஏற்ற அளவில். அடிக்கடி பியூஸ் போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்த பெட்டிகளை நான் பல லயங்களில் பார்த்திருக்கிறேன். பியூஸ் போவது கோளாறு இல்லை, எச்சரிக்கை. ப்ளக்கைத் தொட்டால் சுடுகிறதா, துளையைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருக்கிறதா, மழை பெய்யும்போது பல்பு மினுங்குகிறதா, மீன் நாற்றம் போல் ஒரு வாடை வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த இணைப்பை அன்றைக்கே நிறுத்துங்கள்.

உங்களில் எத்தனையோ பேர் கொழும்பில் வயரிங் பாஸ்மாருக்குக் கையாளாக வேலை செய்கிறீர்கள். ஹார்ட்வெயார் கடைகளில் நிற்கிறீர்கள். எந்த வயருக்கு என்ன தடிப்பு என்று உங்களுக்குக் கேட்காமலே தெரியும். ஊரான் வீட்டுக் கூரைக்குள் ஏறி ஒழுங்காக வயர் இழுக்கத் தெரிந்த கை, சொந்த லயத்தில் மட்டும் ஏன் டேப் ஒட்டிவிட்டு வருகிறது?

அடுப்பைப் பற்றி அம்மாமாருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. அவர்கள் நெருப்போடு பழகியவர்கள். ஆனாலும் நீங்கள் ஊருக்கு வந்தால் மூன்று விஷயத்தைச் செய்துவிட்டுப் போங்கள். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் விறகுப் பரணைக் கையெட்டும் தூரம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அடுப்புக்கு மேலே வரும் கைமரத்தின் அடியில் ஒரு துண்டுத் தகரத்தைக் கொஞ்சம் இடைவெளி விட்டு அடியுங்கள். இரவு தணலைச் சாம்பலால் மூடும் வழக்கத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் தெளித்து அணைக்கச் சொல்லுங்கள். தீப்பெட்டிக் காசை நீங்கள் கொடுங்கள்.

இன்னொரு பழக்கம், அதிகம் பேசாதது. குளிர் கடுமையான இரவில் சட்டியில் தணலை அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது. பதுளை டவுன் 700 மீற்றருக்குக் கீழே இருக்கிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. டவுனில் சட்டையோடு திரிகிற இரவில் மேலே தம்பத்தன்னைப் பக்கம் எலும்பு நடுங்கும், அதனால் இதைச் செய்கிறவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தணலில் இருந்து காபனோரொட்சைட்டு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். முதலில் தலைவலிக்கும், வாந்தி வரும் போலிருக்கும், கைகால் சோரும்; அதற்குள் எழும்பிக் கதவைத் திறக்கும் பலம் போய்விடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தணல் சட்டியை ஒருபோதும் உள்ளே எடுக்கவேண்டாம். குளிருக்கு இன்னொரு கம்பளி வாங்கி வாருங்கள். கேத்தலுக்கு முதல் அதை வாங்குங்கள்.

குப்பி லாம்பு முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தோம். 2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் வெட்டினார்களே, அப்போது ஜாம் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் திரி போட்டுத் திரும்பவும் கொளுத்தினோம். அதே வருஷம் ஆவணியில் லாம்பெண்ணெய் லீட்டர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எண்ணெய் அடுப்பு வைத்திருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். இந்தக் குப்பி லாம்பால் எரிந்தவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்து மனம் கேளாமல் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இந்த நாட்டிலேயே ஒரு விளக்குச் செய்தார். விஜய கொடகும்புர என்பது அவர் பெயர். போத்தல் விளக்கு உயரமாக, ஒடுக்கமாக இருப்பதால்தான் தட்டுப்பட்டுச் சாய்கிறது. மூடி இறுக்கமில்லாததால்தான் எண்ணெய் கொட்டி உடம்பில் பற்றுகிறது. அவர் செய்தது குட்டையாக, பாரமாக, இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 'சுதீபா' என்று பெயர் வைத்தார். மார்மைட் போத்தலின் வடிவத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1998ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நம் லயங்களில் விளக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் உயரமான போத்தலை எறிந்துவிட்டு, குட்டையான, கனமான, திருகு மூடி உள்ள ஒன்றை வையுங்கள்.

கேஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வார்த்தை. 2021 கார்த்திகை, மார்கழியில் நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விசாரித்த குழு, வாயுக் கலவையின் விகிதம் மாறியதைக் காரணமாகச் சொன்னது. கலவையை நாம் பார்க்க முடியாது. குழாயையும் ரெகுலேட்டரையும் பார்க்கலாம். சவர்க்கார நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிகிறது. காற்றில்லாத பத்தடிக் காம்பராவுக்குள் சிலிண்டரை வைத்துப் படுக்காதீர்கள்.

இனி உங்களைப் பற்றி. கொழும்பில் கடையிலேயே படுக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். சாமான் அடுக்கிய மேல் தட்டில் பாய் விரித்து, ஷட்டரை இழுத்துவிட்டு, சில இடங்களில் வெளியே பூட்டும் போட்டு, சாவி முதலாளி வீட்டில். தயவு செய்து இதை மட்டும் கேளுங்கள்: சாவி உள்ளே இருக்க வேண்டும். முதலாளியிடம் கேட்கப் பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தமிழ்நாட்டில், கும்பகோணத்தில் 2004 ஆடி மாதம் 94 பிள்ளைகள் ஒரு பாடசாலையில் எரிந்து இறந்தார்கள். சமையலறை நெருப்பு ஓலைக் கூரையைப் பிடித்தது; இறங்கி வருவதற்கு வழி போதவில்லை. நெருப்பு பிடிப்பது ஒரு விபத்து. வெளியே வர வழி இல்லாமல் இருப்பது யாரோ செய்து வைத்த வேலை. கடையில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு உருளையையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஊசியைப் பிடுங்கி, குழாயைச் சுவாலையின் உச்சிக்குப் பிடிக்காமல் அடிக்குப் பிடித்து அழுத்தவேண்டும். அது பத்து இருபது விநாடி வேலை செய்தால் அதிகம். அதற்குள் அணையாவிட்டால் வெளியே ஓடுங்கள். முதலாளியின் சாமான் போனால் போகட்டும்.

லயத்தில் உருளை இல்லை. ஆனால் படங்கு இருக்கிறது. கொழுந்துக்குப் போகும் அம்மாமார் இடுப்பில் கட்டும் அந்தப் படங்கை, சணல் சாக்காக இருந்தால், நனைத்துப் பிழிந்து மூடினால் எண்ணெய்ச் சட்டி நெருப்பு அணைந்துவிடும். எண்ணெய் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துக் கூரைக்கு ஏறும். யாருடைய சேலையிலாவது பற்றினால் ஓட விடாமல் தரையில் உருட்டுங்கள். வெந்த இடத்தில் பற்பசை, மை, நெய் எதுவும் வேண்டாம்; இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரோ பீலித் தண்ணீரோ ஓடட்டும். பிறகு 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கேளுங்கள். தீயணைப்புக்கு 110.

110க்கு எடுத்தால் வண்டி வரும். ஆனால் எங்கிருந்து வரவேண்டும் என்று யோசியுங்கள். மாநகர சபையிலிருந்து கிளம்பி, மடுல்சீமைக்கோ நமுனுகுலைக்கோ கொஸ்லாந்தைக்கோ, ஒரு லொறி போனால் இன்னொன்று ஒதுங்கவேண்டிய பாதையில், மழையில், மூட்டத்தில். அந்த ஊழியர்கள் உயிரைக் கொடுத்து ஓட்டினாலும் லயத்தின் கூரை அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆகவே முதல் பதினைந்து நிமிஷம் நம்முடையது.

அந்த ஆச்சியைப் பற்றி முழுதும் சொல்லவில்லை. விடிந்ததும் அவர் தன் காம்பரா இருந்த இடத்தில் குந்தியிருந்து சாம்பலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். தோடு மூக்குத்தி ஏதும் போட்டு வைத்திருந்தாரா என்று பெண்கள் கேட்டார்கள். அவர் தேடியது ஒரு தகரப் பெட்டியை. பெட்டி கிடைத்தது. மூடி உருகிப் பிடித்திருந்தது. அலவாங்கால் நெம்பித் திறந்தபோது உள்ளே கறுத்த கடதாசி அடுக்கு இருந்தது. விரல் பட்டதும் பொடியானது. 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடில்லாதவர்களாக ஆக்கியது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மை எண்ணிப் பங்கிட்டார்கள். இந்தியாவா இலங்கையா என்று மனுப் போட்டுவிட்டு ஆட்கள் காத்திருந்த காலம் அது. ஆச்சியின் மனுத் துண்டும் புருஷனின் மரணப் பத்திரமும் மகனின் பிறப்புப் பத்திரமும் அந்தப் பெட்டியில் இருந்தன. "இனி நான் எந்த நாட்டு ஆள்?" என்று என் அப்பாவிடம் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை.

நம் ஆட்களுக்குக் கடதாசி என்றால் என்ன என்று வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது. 2003ல் சட்டம் வந்து மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்கும்வரைக்கும், ஐம்பத்தைந்து வருஷம் நாம் கடதாசியால் வாழ்ந்தோம், கடதாசி இல்லாமல் செத்தோம். 1983 ஆடிக் கலவரத்தில் பதுளை டவுனில் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டபோதும் உடுத்த துணியோடு ஓடியவர்கள் பிறகு அழுதது கடதாசிக்குத்தான். இன்றைக்கும் லயம் எரிந்தால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் ஒரே இரவில் போகிறது. ஒவ்வொன்றுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் எத்தனை நாள் பேரை, சம்பளத்தை விட்டுவிட்டு அலையவேண்டும் என்று அம்மாவைக் கேளுங்கள். உங்கள் எல்லோர் கையிலும் கெமரா உள்ள போன் இருக்கிறது. வீட்டுக் கடதாசி ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். போனில் மட்டும் வைக்காமல் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். அசல் பத்திரங்களை ஒரு பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்தில், இருட்டில் கை வைத்தால் அகப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். புகை இறங்கிய பிறகு தேட நேரம் கிடைக்காது.

தனி வீடு வந்தால் இந்தக் கவலையில் பாதி போகும். ஏழு பேர்ச் காணியில் இடைவெளி விட்டு நிற்கும் வீட்டிலிருந்து நெருப்பு பன்னிரண்டு குடும்பத்துக்குத் தாவாது. இந்தியா 4,000 வீடு கட்டித் தருவதாகச் சொல்லி, 2017 வைகாசியில் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடு என்றார். வீடு கிடைத்த குடும்பங்களை நினைத்து எனக்குச் சந்தோஷம். கிடைக்காத லயங்கள் எத்தனை என்பதை ஹாலி எலையிலிருந்து லுணுகலை வரைக்கும் பஸ் சன்னலால் பார்த்தாலே தெரியும். தனி வீடு கேட்டுப் போராடுகிற சங்கங்கள், நெருப்பையும் ஒரு காரணமாக எழுத்தில் வைக்க வேண்டும். அந்த வீடு வரும்வரைக்கும் நம் தாய் தகப்பன் இந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு நாளைக் கேட்கிறேன். பொங்கலுக்கு எப்படியும் வருவீர்கள். பொங்கலுக்கு மறுநாள் காலையில் லயத்துக்கு ஒரு ஏணி சாத்துங்கள். உங்கள் காம்பராவுக்கு மட்டும் செய்து பிரயோசனம் இல்லை, பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்ந்து செய்யுங்கள். மின்சாரத்தை முதலில் நிறுத்திவிட்டு, கூரைக்குள் கிடக்கும் உரப்பை, பொலித்தீன், காட்போட் எல்லாவற்றையும் இறக்குங்கள். கரியையும் ஒட்டடையையும் தட்டுங்கள். காம்பரா தாவிப் போகும் வயர்களை எண்ணி எழுதுங்கள். உரிமம் உள்ள ஒருவரைக் கொண்டு மாற்றுவதற்குப் பன்னிரண்டு வீட்டாரும் பங்கு போடுங்கள். நடுச்சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளியை மூன்று காம்பராவுக்கு ஒன்றாவது அடைக்க முடியுமா என்று ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பழைய சுவர் பாரம் தாங்காவிட்டால் இரண்டு பக்கமும் தகரம் அடித்து நடுவில் மண் நிரப்பினாலும் நெருப்புக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆட்கள் வெளியே வர அந்த நேரம் போதும். லயத்துக்கு இரண்டு பீப்பாத் தண்ணீர், நாலு மணல் வாளி, ஒரு அலவாங்கு, ஒரு ஏணி, எப்போதும் ஒரே இடத்தில். நெருப்பு என்றால் கோயில் மணியா தப்பா, எதை அடிப்பது என்று அன்றைக்கே பேசி முடியுங்கள்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நம்மிடம் உறுதி இல்லை, நாம் ஏன் செய்யவேண்டும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயர்க் கணக்கையும் சுவர் இடைவெளியின் அளவையும் படத்தோடு எழுதி, பன்னிரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டு, தோட்ட முகாமையாளருக்கு ஒரு பிரதி, பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி, சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். திகதி போட்டு வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரைக்கும் உரப்பையை இறக்குவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பசறை பஸ்ஸில் வந்த தம்பி, இது உன் கண்ணில் பட்டால்: கேத்தலை இப்போதைக்குப் பெட்டியிலேயே வை. பெரியப்பா காம்பராவிலிருந்து வரும் அந்த வயரைக் கழற்று. உங்கள் காம்பராவுக்குத் தனி மீட்டருக்கு மனுக் கொடு. மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வா, நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
பதுளையிலிருந்து ஒரு பழைய வாத்தியார்